டோக்கன் வெளிய இருக்கு

ஓடுகிறவர்களுக்குக் காலில்தான் வலி, மூச்சில்தான் கஷ்டம் என்று ஓடாதவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. கால் வலித்தால் நொண்டிக்கொண்டே ஓடலாம், மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வயிறு கலக்கினால் என்ன செய்வீர்கள்? அதைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மெடலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படம் எடுத்துப் போடுவார்கள். பாதி வழியில் எந்தப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தோம் என்று ஒருத்தரும் எழுதமாட்டார்கள். நான் எழுதுகிறேன். எனக்கு இனிமேல் போவதற்கு மானம் என்று பெரிதாக எதுவும் மிச்சமில்லை.

மாதனூர் பக்கத்தில் எங்கள் ஊர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் வந்து நிற்கும். அதற்கு முன்னால், வெளிச்சம் வந்ததும், பாலாற்றை ஒட்டிய மண் ரோட்டில் ஓடிவிட்டு வந்து குளித்து நிற்பேன். பள்ளிக்கூடத்தில் ஓடியவள்தான். கல்யாணமாகி, அது ஒத்துவராமல் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்த பிறகு மறுபடியும் ஓட ஆரம்பித்தேன். உடம்புக்கு நல்லது, மனசுக்கு நல்லது என்றெல்லாம் இல்லை. ஓடுகிற நேரத்தில் யாரும் என்னை நிறுத்தி ஏன் திரும்பி வந்துட்டே என்று கேட்க முடியாது. அதற்காகத்தான் ஓடினேன்.

எட்டு கிலோமீட்டர் வரை எனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. அதைத் தாண்டியதும் அடிவயிற்றை யாரோ ஈரத் துணியைப் பிழிவதுபோல் முறுக்குவார்கள். முதலில் லேசாக, பிறகு விடாமல். உடம்பெல்லாம் சில்லென்று வியர்த்துவிடும். பாலாற்றில் தண்ணீர்தான் இல்லையே தவிர சீமைக்கருவேலத்துக்குக் குறைச்சலில்லை. முள் குத்தாத புதர் எது, பக்கத்தில் மாடு மேய்க்கிறவர் வராத இடம் எது என்று எனக்கு மனப்பாடம். இது என் ரகசியம். அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

ஏன் ரகசியம் என்றால், கம்பெனியில் என் பெருமையே என் வயிறுதான்.

அது என்ன பெருமை என்று கேட்பீர்கள். எங்கள் தையல் லைனில் முப்பத்திரண்டு மெஷின், முப்பத்திரண்டு பெண்கள். ஷூவின் மேல்பாகத்தைத் துண்டு துண்டாகத் தைத்து ஒருத்தி அடுத்தவளுக்குத் தள்ளவேண்டும். நடுவில் ஒருத்தி எழுந்து போனால் அவளுக்குப் பின்னால் இருக்கிற எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் பாத்ரூமுக்குப் போக லைனுக்கு ஒரே ஒரு டோக்கன். உள்ளங்கை அளவு தோல் துண்டு, மேலே ஓட்டை போட்டுச் சிவப்புக் கயிறு கோத்திருக்கும். மணிக்கு எத்தனை ஜோடி என்று எழுதுகிற போர்டுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். போகிறவள் அதை எடுத்துக்கொண்டு போகவேண்டும், வந்ததும் மாட்டவேண்டும். ஆணி காலியாக இருந்தால் மற்றவர்கள் அடக்கிக்கொண்டு தைக்கவேண்டியதுதான். வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு வருகிற நாளில் மட்டும் அந்த ஆணியில் பிள்ளையார் காலண்டர் தொங்கும். அன்றைக்கு எல்லோரும் மகாராணி மாதிரி போய்விட்டு வருவார்கள்.

நான் அந்த லைனில் சேர்ந்து ஆறு வருஷத்தில் டோக்கனை எடுத்தது விரல் விட்டு எண்ணிவிடலாம். காலையில் தண்ணீர் குடிக்கமாட்டேன். மத்தியானம் சோற்றோடு இரண்டு மடக்கு, அவ்வளவுதான். அதற்காகவே என்னை லைன் லீடராகப் போட்டார்கள். வேறு எந்தத் திறமைக்காகவும் இல்லை. சூப்பர்வைசர் ஒருநாள் எல்லோர் முன்னாலும், "இவளப் பாத்துக் கத்துக்குங்கடி. பொம்பளன்னா இப்டி இருக்கணும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற லைன்களில் லீடரை அக்கா என்று கூப்பிடுவார்கள். என்னை மேடம் என்றுதான் கூப்பிடவேண்டும் என்று நானே சொல்லிவிட்டேன்.

லீடரானதும் டோக்கன் என் பொறுப்புக்கு வந்தது, அதை வைத்துக்கொண்டு நான் எப்படி இருந்தேன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லவேண்டும். எழுந்து வருகிறவளை மேலும் கீழும் பார்ப்பேன். "இன்னா, அதுக்குள்ள வா? வூட்ல பாத்ரூமு இல்லியா?" என்பேன். "பாத்ரூம உன் பேருக்கே எழுதிக் குடுத்துடட்டா?" என்பேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவார்கள், ஓடி வருவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று இப்போது பொய் சொல்ல முடியாது.

மூன்றாம் மெஷினில் ஒரு பெண் இருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். காவேரிப்பாக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள், இரண்டு பிள்ளைகள். அதிகம் பேசமாட்டாள். தையல் அவ்வளவு நேர்த்தியாக இருக்கும். அவள் தைத்த ஜோடி ரீவொர்க்குக்குத் திரும்பி வந்ததே இல்லை. அதுகூட எனக்கு அவள்மேல் கடுப்புக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

ஒருநாள் அவளுக்கு வயிறு சரியில்லை. காலையிலேயே முகம் வெளுத்துக் கிடந்தது. இரண்டு தடவை டோக்கனை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்தாள். அன்றைக்கு டார்கெட் வேறு இடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை அவள் எழுவதற்கு முன்னால் நான் டோக்கனை ஆணியிலிருந்து எடுத்து என் ஏப்ரன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

அவள் என்னிடம் வந்தாள். "மேடம், டோக்கன்?"

"வெளிய இருக்கு. வந்ததும் குடுக்கறேன், போய் உக்காரு."

"முடியல மேடம்."

"எனுக்கு மட்டும் முடியுதா? பேஜார் பண்ணாத, போ."

அவள் என் பாக்கெட்டைப் பார்த்தாள். சிவப்புக் கயிறு விரல் நீளத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை நானும் குனிந்து பார்த்தேன். அவள் பார்த்ததை நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்கும் தெரியும். அப்போதாவது எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் நான் பொய் சொன்னது ஊர்ஜிதமாகிவிடும், இல்லையா? கயிற்றை உள்ளே தள்ளிக்கொண்டு போர்டில் எழுதப் போய்விட்டேன். அவள் திரும்பிப் போய் உட்கார்ந்து தைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் தோல் வாடையையும் பசை வாடையையும் மீறிக்கொண்டு அந்த வாடை வந்தது. அவள் மெஷினை நிறுத்தவில்லை. காலை மட்டும் ஒடுக்கிக்கொண்டு தைத்துக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த நான்காம் மெஷின் பெண் எழுந்து என்னைப் பார்த்தாள். நான் போய் நின்று, துடைக்கிற துணியை ஒரு கத்தை எடுத்து அவள் மடியில் போட்டேன்.

"நீயே தொடச்சிடு. லைன் நிக்கக் கூடாது" என்றேன்.

அவள் துடைத்தாள். நாற்காலியை, தரையை, எல்லாவற்றையும். மற்ற முப்பது பேரும் தலையைத் தூக்கவில்லை. தைத்துக்கொண்டே இருந்தார்கள். அன்றைக்கு டார்கெட் முடிந்தது. டீ நேரத்தில், தோல் வெட்டுகிற கட்டிங் பக்கத்து ஆண்களிடம் நான்தான் சொல்லிச் சிரித்தேன். "குழாய்" என்று அவளுக்குப் பெயர் வைத்ததும் நான்தான். அவள் போகிற வருகிற போதெல்லாம் அவன்கள், "இன்னா குழாயி, இன்னிக்கு மூடிட்டியா?" என்று கேட்பான்கள். அடுத்த நாளும் அவள் வேலைக்கு வந்தாள். வராமல் என்ன செய்வாள், இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன. அதற்குப் பிறகும் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அவளுக்கு ரோஷமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

நான் ஓடுவது எப்படியோ மேனேஜர் காதுக்குப் போனது. வேலூரில் ஒரு அரை மாரத்தான் வருகிறது, இருபத்தொரு கிலோமீட்டர், அதற்குக் கம்பெனியும் பணம் போடுகிறது, கம்பெனி சார்பில் ஒரு பெண் ஓடினால் நன்றாக இருக்கும் என்று கூப்பிட்டுச் சொன்னார்.

"பொம்பளைங்கள்ல மொத மூணு பேருக்குள்ள வந்துடு, போதும். அடுத்த மாசமே உன்ன ஸ்டாஃப் ஆக்கிடறேன். சூப்பர்வைசர். இன்னும் எத்தினி நாளிக்கு லைன்லயே நின்னுனு இருப்ப?"

ஸ்டாஃப். அந்த வார்த்தை வெளி ஆட்களுக்குப் புரியாது. ஸ்டாஃபுக்குத் தனி கேட். வெள்ளைக் கலர் கார்டு. மாடியில் தனி பாத்ரூம், டைல்ஸ் போட்டது, உள்பக்கம் தாழ்ப்பாள் சரியாக விழும். அதற்கு டோக்கன் கிடையாது. லைன் லீடர் என்பவள் நாளைக்கே மறுபடி மெஷினில் உட்கார வைக்கப்படலாம். ஸ்டாஃபை யாரும் மெஷினில் உட்கார வைக்க முடியாது. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவளைப் பார்த்து மூக்கைச் சிந்துகிற எங்கள் தெருவுக்கு முன்னால் அந்த வெள்ளைக் கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கவேண்டும். எனக்கு அது வேண்டும். அவ்வளவு வெறியோடு நான் வேறு எதையும் கேட்டதில்லை.

பந்தய வழியில் தண்ணீர் கொடுக்க ஆட்கள் வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை. எங்கள் லைனையே நான் எழுதிக் கொடுத்தேன். "லீவு நாளு மேடம், துணி தொவைக்கணும், புள்ளைங்கள பாக்கணும்" என்று முனகினார்கள். "வராதவளுக்குத் திங்கக்கிழமை இருக்கு" என்றேன். என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. சொல்லவேண்டியதில்லை, வந்துவிட்டார்கள். சத்துவாச்சாரியில், பதினாறாவது கிலோமீட்டரில் அவர்களுக்கு இடம்.

மேனேஜர் வெளிநாட்டு ஜெல் பாக்கெட் ஒரு கை நிறையக் கொடுத்தார். இனிப்புக் கூழ் மாதிரி இருக்கும், ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்று சாப்பிட்டால் சோர்வே வராது என்றார். தண்ணீரோடு சாப்பிடவேண்டும் என்று பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருந்ததாம். நான் எங்கே படித்தேன்.

எனக்கு என் வயிற்றைப் பற்றித்தான் பயம். இருபத்தொரு கிலோமீட்டர். வேலூரில் முள்ளுப் புதர் கிடையாது. அதனால் எங்கள் லைன் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தையைச் செய்தேன். முதல் நாள் மத்தியானத்திலிருந்தே தண்ணீரை நிறுத்தினேன். காலையில் ஒரு கை பொரியும் பொட்டுக்கடலையும் வாயில் போட்டு மென்றேன். மெடிக்கலில் வாங்கிவைத்திருந்த, பேதியை நிறுத்துகிற மாத்திரை ஒன்றைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினேன். ஒன்பது மணி நேரம் காய்ந்த வயிற்றோடு தைக்கத் தெரிந்தவளுக்கு இரண்டு மணி நேரம் காய்ந்த வயிற்றோடு ஓடத் தெரியாதா? இதுதான் என் கணக்கு. வேறு எந்த ஊர்க்காரி ஓடினாலும் இப்படி ஒரு காரியத்தைச் செய்திருக்கமாட்டாள். தண்ணீர் குடித்தால் கெட்டது என்று ஆறு வருஷம் என் உடம்புக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

கோட்டை மைதானத்துக்குப் பக்கத்தில் ஆரம்பம். கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட், சாம்பல் கலர் பேன்ட், நெஞ்சில் நான்கு ஊக்கு குத்தி நம்பர். எல்லாமே கம்பெனி கொடுத்தது. மேனேஜர் முடிகிற இடத்தில் போட்டோக்காரரோடு நிற்பதாகச் சொல்லியிருந்தார். காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. வேலூர் வெயிலுக்கு மாசம் எது, நேரம் எது.

நன்றாகத்தான் ஓடினேன். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கே நான் துரோகம் செய்த மாதிரி. ஐந்தாவது கிலோமீட்டரில் ஒரு ஜெல்லைப் பிதுக்கி விழுங்கினேன். தண்ணீர் நீட்டினார்கள், வேண்டாம் என்று கையை ஆட்டினேன். பத்தில் இரண்டாவது ஜெல். அங்கேயும் தண்ணீர் வேண்டாம். என்னைத் தாண்டிப் போன ஆண்கள் ஒவ்வொரு மேஜையிலும் நின்று இரண்டு கப் குடித்துவிட்டுப் போனார்கள். குடிகாரப் பசங்களா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பெண்களில் நான் இரண்டாவது. எனக்கு முன்னால் ஒரு காலேஜ் பெண், பின்னால் வெகுதூரத்தில்தான் அடுத்தவள். வெள்ளைக் கார்டு என் கழுத்துக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

பன்னிரண்டில் முதல் முறுக்கல். பல்லைக் கடித்துக்கொண்டேன். பதின்மூன்றில் மயிர்க்கால் எல்லாம் எழுந்து நின்றது. அடக்கு, அடக்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நான்தானே அடக்குவதில் ராணி. பதினான்கில் ஓட்டம் ஓட்டமாக இல்லை, தொடையை ஒட்டி வைத்துக்கொண்டு குதிக்கிற மாதிரி ஆகிவிட்டது. சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் ஒரு வீட்டு வாசலில் ஒருவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், அவசரம் சார். பாத்ரூம் ஒரு ரெண்டு நிமிஷம்."

அவர் என் நம்பரைப் பார்த்தார், டி-ஷர்ட்டில் இருந்த கம்பெனி பெயரைப் பார்த்தார். "தோல் கம்பெனியா? பைப்பு ரிப்பேரும்மா" என்றார். கையில் ஓஸ் பைப்பிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கேட்டை உள்பக்கமாகச் சாத்தினார்.

பரவாயில்லை, பதினாறில் நம்ம ஆட்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அங்கே ஒரு நடமாடும் பாத்ரூம் வைத்திருப்பதாக ஹெச்.ஆர். சொல்லியிருந்தது ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஒன்றரைக் கிலோமீட்டரும் அதை நினைத்தே ஓடினேன். கண்ணில் பூச்சி பறந்தது.

தூரத்திலேயே நீல டி-ஷர்ட்டுகள் தெரிந்தன. மேஜை, வரிசையாகக் காகிதக் கப், அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் பாத்ரூம் ஒன்று. என் லைன் பெண்கள் என்னைப் பார்த்ததும் கை தட்டினார்கள். ஹெச்.ஆர். சொல்லி அனுப்பியிருக்கவேண்டும். பாத்ரூமுக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் மூன்றாம் மெஷின்காரி உட்கார்ந்திருந்தாள். ரோட்டில் போகிறவன் எல்லாம் உள்ளே நுழைந்துவிடுகிறான் என்று பூட்டிச் சாவியை அவளிடம் கொடுத்திருந்தார்கள். சாவி தொலையாமல் இருக்க ஒரு தோல் துண்டில் கோத்து வைத்திருந்தாள்.

"சாவி குடு" என்றேன். கையை நீட்டினேன்.

அவள் எழுந்து நின்றாள். மரியாதையாகத்தான் நின்றாள்.

"உள்ள ஆள் இருக்கு மேடம். வெளிய வந்ததும் போலாம்."

கதவைப் பார்த்தேன். வெளிப்பக்கம் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பித்தளைப் பூட்டு, நன்றாகப் பூட்டியிருந்தது. பூட்டிய கதவுக்கு உள்ளே யார் இருக்கமுடியும்? நான் பூட்டைப் பார்த்ததை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் என் பாக்கெட்டிலிருந்து தொங்கிய சிவப்புக் கயிறு ஞாபகத்துக்கு வந்தது. அதுவரை ஒருநாள்கூட வந்ததில்லை. சத்தியமாக வந்ததில்லை.

"பூட்டு வெளிய தொங்குது" என்றேன்.

"ஆமா மேடம்."

"முடியல."

நான் வேறு வழியில்லாமல், "அக்கா" என்றேன். முதல் தடவை. "அக்கா, உன் கால்ல வேணா வுழறேன், குடுத்துடுக்கா."

கைதட்டல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்காம் மெஷின் பெண், சின்னவள், "குடுத்துடுக்கா, பாவம்" என்றாள். மூன்றாம் மெஷின்காரி என்மேலிருந்து கண்ணை எடுக்காமலேயே அவளிடம் சொன்னாள்:

"ஆளுங்க வர்றாங்க பாரு, கப்புல தண்ணி ஊத்து. லைன் நிக்கக் கூடாது."

ஊற்றினார்கள். அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு கப்பில் தண்ணீர் ஊற்றினார்கள். எனக்குப் பின்னால் வெகுதூரத்தில் வந்துகொண்டிருந்த பெண் மேஜையில் ஒரு கப்பை எடுத்து, குடித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள். இன்னும் நான் மூன்றாவதுதான், ஓடினால் ஓடிவிடலாம் என்று மூளை சொன்னது. ஒரு காலைத் தூக்கினேன். தூக்கியிருக்கக் கூடாது.

அதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சாம்பல் கலர் பேன்ட். காலை வெயில். நடுரோடு. சூடாக, கணுக்கால் வரைக்கும், ஷூவுக்குள்ளும். நிற்கவில்லை, வந்துகொண்டே இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே குந்திவிட்டேன். தண்ணீர் வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மேஜையின் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போனார்கள். ஒருவன் செல்போனைத் தூக்கினான். நான்காம் மெஷின் பெண்தான் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

எல்லாம் முடிந்த பிறகு பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. மூன்றாம் மெஷின்காரி கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப காலியா இருக்கு மேடம். போங்க."

உள்ளே ஒரு டிரம்மில் தண்ணீர் இருந்தது, பிளாஸ்டிக் மக் இருந்தது. எல்லாம் சுத்தமாக வைத்திருந்தாள். கழுவிக்கொண்டு, பேன்ட்டைப் பிழிந்து அதையே போட்டுக்கொண்டு, மீதி ஐந்து கிலோமீட்டரையும் ஓடினேன், நடந்தேன். என்னை எத்தனை பெண்கள் தாண்டினார்கள் என்று பார்க்கவில்லை. மூன்றுக்குள் இல்லை, அது தெரியும். முடிகிற இடத்தில் மேனேஜர் நின்றிருந்தார். பக்கத்தில் வந்தவர் சட்டென்று நின்றுவிட்டார். போட்டோக்காரரைப் பார்த்து வேண்டாம் என்று கையைக் காட்டினார். "நீ பஸ்ல வந்துடும்மா, கார்ல சீட்டு கவரு புதுசு" என்றார்.

பிறகு வயிற்று டாக்டர் ஒருவரிடம் போனேன். ஓடும்போது ரத்தமெல்லாம் காலுக்குப் போய்விடும், குடலுக்குக் கம்மியாகத்தான் வரும், அது ஓடுகிறவர்கள் பலருக்கும் இருக்கிற தொந்தரவுதான் என்றார். தண்ணீரே குடிக்காமல் அவ்வளவு இனிப்பை உள்ளே தள்ளினால், உடம்பில் மிச்சமிருக்கிற தண்ணீரையும் குடல் இழுத்துக்கொண்டு கொட்டத்தான் கொட்டும் என்றார். "எதுக்கும்மா தண்ணி குடிக்காம இருந்த?" என்று கேட்டார். பழக்கம் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

இரண்டு வாரத்தில் என்னை லைன் லீடரிலிருந்து எடுத்துவிட்டார்கள். உடம்பு சரியில்லாதவள் எப்படி லைனைப் பார்ப்பாள் என்று காரணம் சொன்னார்கள். கம்பெனி நோட்டீஸ் போர்டில் பந்தயத்துப் படங்கள் ஒட்டியிருந்தார்கள். அதில் பெரிய படம் மூன்றாம் மெஷின்காரியுடையது. வியர்த்து ஓடிவருகிற ஒருவருக்குச் சிரித்துக்கொண்டே தண்ணீர்க் கப்பை நீட்டுகிறாள். அவளைத்தான் லீடராகப் போட்டார்கள். காலியான மெஷின் மூன்றாம் மெஷின். அதில் என்னை உட்காரச் சொன்னார்கள். நாற்காலிகூட அதே நாற்காலி.

நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பல நாள் அவளைத் திட்டிக்கொண்டேதான் தைத்தேன். அவளைப் பற்றிக் குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று கழுகு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை. மேனேஜரிடம் பேசி இன்னொரு டோக்கன் வாங்கினாள். யார் கேட்டாலும் கொடுத்தாள், ஏன் என்று கேட்கவில்லை. எல்லோரும் மேஜையில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டார்கள். டார்கெட் ஒருநாள்கூடக் குறையவில்லை. எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை. குழாய் என்கிற பேச்சைக் கட்டிங் பக்கத்து ஆண்கள்கூட விட்டுவிட்டார்கள். எனக்கும் ஒரு பெயர் வைத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஓடுவதை விட்டுவிட்டேன். தண்ணீர் குடிக்கப் பழகிக்கொண்டேன்.

நான் மூன்றாம் மெஷினில் உட்கார்ந்த முதல் நாள், காலை பெல் அடித்ததும் அவள் ஆணியிலிருந்து டோக்கனை எடுத்தாள். நேராக என்னிடம் வந்து, நான் கேட்காமலேயே, மெஷின்மேல் வைத்தாள்.

"மொதல்ல நீ போய்ட்டு வந்துடும்மா. அப்பறம் அவசரம்னா கஷ்டம்."

நல்ல குரலில், லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் தலையைத் தூக்கவில்லை. நான் எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு வரவேயில்லை, சும்மா கதவைச் சாத்திக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன்.

மறுநாளும் வைத்தாள். அதற்கு மறுநாளும். ஒருமுறை, "எனுக்கு வேணாம்" என்று சொல்லிப் பார்த்தேன். "பரவால்லமா, எடுத்துக்கோ" என்றாள். முகத்தில் கோபம் இல்லை, கேலி இல்லை. அது அன்பா, இல்லை என்னைக் கொல்கிறாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது. இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்று காலையும் பெல் அடித்ததும் சிவப்புக் கயிற்றோடு அது என் மெஷின்மேல் வந்து விழுந்தது. முப்பது பேர் தைத்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, எடுத்துக்கொண்டு போனேன்.